தைராய்டுக்குக் கோதுமைப் பத்தியமா?

கடந்த இரண்டு மூன்று மாதமாக வடசென்னை வாசகிகளிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பத் தலை காட்டுகிறது. ராயபுரத்திலிருந்து ஒருவர், திருவொற்றியூரிலிருந்து இருவர், எண்ணூரிலிருந்து ஒருவர். கையெழுத்துதான் வேறு வேறு. கேள்வி ஒன்றேதான்: "தைராய்டு இருக்கிறவங்க கோதுமையே தொடக்கூடாதாமே, நிஜமா?"

திருவொற்றியூர் சகோதரி ஒருவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அதனால் பத்து வருஷமாக ராத்திரி சப்பாத்திதான். இவருக்குச் சென்ற வருஷம் தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கோதுமையை உட்டுப் பாரு, அப்புறம் மாத்திரையே வேணாம். எங்க சித்திக்கு அப்படித்தான் சரியாப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார். "ஒரே அடுப்பில் சுட்ட சப்பாத்தி, அவருக்கு மருந்து, எனக்கு விஷமா? எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைவு உள்ளவர்களில் ஒரு சிலருக்குக் கோதுமை நிஜமாகவே ஆகாது. அவர்கள் ஆயுள் முழுக்க அதை விடத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பரிசோதனையை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனை பொய் சொல்லும். ஏன் என்று பார்ப்போம்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும் சின்னச் சுரப்பிதான் தைராய்டு. உடம்பு என்கிற அடுப்பின் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. அது சோம்பிவிட்டால் எல்லாமே மந்தம்தான். எழுந்திருக்க மனசு வராது, எடை ஏறும், மலச்சிக்கல், முடி கொட்டும், தோல் வறளும், மாதவிலக்கு கோளாறாகும். சிலருக்கு அக்கினி நட்சத்திரத்திலும் போர்வை கேட்கும்.

நம்மில் இது எத்தனை பேருக்கு? சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குத் தைராய்டு குறைவு. அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. தெருவுக்கு நாலு பேராவது காலையில் எழுந்ததும் அந்தச் சின்ன மாத்திரையைத் தேடுகிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

முன்பெல்லாம் அயோடின் குறைவால்தான் தைராய்டு கோளாறு அதிகம். அயோடின் கலந்த உப்பு வந்த பிறகு, நகரங்களில் முக்கியக் காரணம் வேறு ஒன்று. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அன்னியன் என்று நினைத்து மெல்ல மெல்ல அரிப்பது. காவல் நாய் வீட்டுக்காரரையே கடிப்பது மாதிரி. ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற அறுவை மருத்துவர் 1912-ல் நான்கு நோயாளிகளின் தைராய்டில் இதைப் பார்த்து எழுதினார். அந்த நான்கு பேருமே பெண்கள். அவர் பெயராலேயே இதை ஹஷிமோட்டோ நோய் என்கிறார்கள்.

கோதுமையில் அப்படி என்ன இருக்கிறது?

பூரிக்கு மாவு பிசைகிறீர்கள். ஜவ்வு மாதிரி இழுபடுகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசினால் துணி போல விரிகிறது, கிழிவதில்லை. அரிசி மாவை அப்படி இழுக்க முடியுமா? முடியாது, உதிர்ந்துவிடும். அந்த இழுவையைத் தருகிற புரதத்துக்குப் பெயர் க்ளூட்டன். தமிழில் பசையம் என்கிறார்கள். கோதுமை, பார்லி, நம் ஊரில் அதிகம் புழங்காத ரை, இந்த மூன்று தானியங்களிலும் இது இருக்கிறது. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான். அரிசியில் இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் இல்லை.

பெரும்பாலோருக்குக் க்ளூட்டன் ஒன்றும் செய்யாது. சிலருடைய உடம்பு மட்டும் அதைக் கண்டவுடன் எதிரி என்று எழுந்து நிற்கும். அந்தச் சண்டை நடக்கிற இடம் சிறுகுடல். சிறுகுடலின் உட்சுவரில், துருக்கித் துண்டின் நூல் முனைகள் மாதிரி லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சுவது அவைதான். சண்டையில் அவை மழுங்கித் தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிரூபித்தவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் காரணமாக ஹாலந்தில் கொடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாடியபோது, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே இதை ஆய்வேடாகவே எழுதி முடித்தார்.

இரண்டுக்கும் என்ன உறவு?

ஹஷிமோட்டோ, சீலியாக் இரண்டுமே எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால் வருபவை. ஒரே குடும்பத்து அக்கா தங்கை மாதிரி. ஒருத்தி நுழைந்த வீட்டுக்கு மற்றவளும் வருவதற்கு மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் அதிக வாய்ப்பு. எதிர்ப்புச் சக்தியால் தைராய்டு கெட்டவர்கள் ஆறாயிரம் பேரின் விவரங்களைத் திரட்டி 2016-ல் கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 62 பேரில் ஒருவருக்குச் சீலியாக் நோயும் இருந்தது. இந்தக் கணக்கு பெரும்பாலும் ரொட்டி தின்னும் தேசங்களிலிருந்து வந்தது. அங்கேயே 62-ல் 61 பேருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் சேர்ந்த மருத்துவர்களும் ஹரியானா, அசாம், தமிழ்நாடு மூன்றிலும் 23,331 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சீலியாக் நோய்க்கான அடையாளம் வடக்கே நூறு பேரில் ஒருவருக்கும் சற்று அதிகம். தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். "அப்பாடா, நம்ம ரத்தம் வேற" என்று மூச்சு விடாதீர்கள். இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்கே நூற்றில் 38 பேருக்கு இருந்தது என்றால், தெற்கேயும் 36 பேருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில். ஹரியானாக்காரர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தமிழ்நாட்டுக்காரர் 25 கிராம்தான். விதை நம் வீட்டிலும் இருக்கிறது, தண்ணீர்தான் அதிகம் ஊற்றவில்லை என்று சொல்லலாம்.

இப்போது ஊற்றுகிறோமா? உங்கள் தெருவையே ஒரு சுற்று பாருங்கள். காலையில் டீக்கடை பொறையும் பட்டர் பன்னும். பிள்ளைகளுக்கு டிபன் டப்பாவில் நூடுல்ஸ். சாயங்காலம் பீச் பக்கம் போனால், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ. அந்த மஞ்சள் நூடுல்ஸும் மைதாதான். ஷிப்ட் முடிந்து வருகிறவர் கையில் பரோட்டா பார்சல். வீட்டில் சர்க்கரைக்காகச் சப்பாத்தி. பாட்டி காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி எட்டிப் பார்த்த கோதுமை, இன்று மூன்று வேளையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதனால் எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. "நம்ம ஊர்ல ஏதுங்க அந்த நோய்" என்று ஒதுக்கிவிடவும் கூடாது, அவ்வளவுதான்.

யார் சந்தேகப்பட வேண்டும்?

தைராய்டு குறைவு உள்ள சகோதரிகள் இவற்றில் ஏதாவது தங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையின் அளவு 50, 75, 100, 125 மைக்ரோகிராம் என்று ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் டி.எஸ்.எச். இறங்க மாட்டேன் என்கிறது. தைராய்டு மாத்திரையை உறிஞ்சுவதும் சிறுகுடல்தான். அது பழுதானால் மாத்திரை வந்த வழியே போய்விடும்.

இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ரத்த சோகை தீரவில்லை.

அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், காரணமில்லாமல் எடை குறைவது. தைராய்டு குறைவில் எடை ஏறத்தான் பார்க்கும். இறங்கினால் விசாரிக்க வேண்டும்.

வாயில் புண் வந்து வந்து போகிறது. சின்ன வயசிலேயே எலும்பு பலவீனம். கர்ப்பம் தங்கவில்லை, வேறு காரணமும் தெரியவில்லை.

ரத்த உறவில் யாருக்காவது சீலியாக் நோய் இருக்கிறது. அல்லது வீட்டில் சின்னப் பிள்ளைக்கே இன்சுலின் போடும் வகைச் சர்க்கரை நோய்.

இதில் முதல் அறிகுறியைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் கோதுமையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் காலை நாலரைக்கே அடுப்பு எரியும். தைராய்டு மாத்திரையை வாயில் போட்டு, அதன் மேலேயே காபியை ஊற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்! காபி அந்த மாத்திரையைச் சரியாக உறிஞ்ச விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன் எல்லாம். எழுந்தவுடன் மாத்திரை, பிறகு வாசல் தெளித்து, கோலம் போட்டு, தண்ணீர் பிடித்து முடித்துவிட்டுக் காபி என்று வைத்துக்கொண்டால் நேரம் தானாகவே ஓடிவிடும்.

இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டையும் தைராய்டு மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு மூன்று மாத்திரையும் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். இன்னொன்று, மாத்திரைப் புட்டியை அடுப்பு மேடையிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் வெயிலும் மருந்தைக் கெடுக்கும்.

இதையெல்லாம் ஒழுங்கு செய்துகொண்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். பாதிப் பேருக்குக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடக்கூடும். அப்போதும் இறங்கவில்லை என்றால் அடுத்த படி.

பரிசோதனை எப்படி?

டாக்டரிடம், "எனக்குச் சீலியாக் நோய் இருக்குமா என்று பார்க்க முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். கூச்சம் வேண்டாம். டி.டி.ஜி. எதிர்ப்பொருள் என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. என்ற அளவையும் பார்ப்பது நல்லது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் பரிசோதனை தவறாக "இல்லை" என்று காட்டிவிடும். ரத்தத்தில் அடையாளம் தெரிந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டு என்டாஸ்கோப்பி செய்து, சிறுகுடலிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே குடல், ஈரல் வியாதிகளுக்குத் தனிப் பிரிவே உண்டு.

இப்போது ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். இந்தப் பரிசோதனை தேடுவது சண்டையின் தடயத்தை. கோதுமையை நிறுத்திவிட்டால் சண்டையும் நின்றுபோகும். எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆற ஆரம்பிக்கும். ஆறு மாதம் பத்தியம் இருந்துவிட்டுப் போய்ச் சோதித்தால், நோய் உள்ளவருக்கும் "இல்லை" என்று வரலாம். அப்புறம் "சோதிச்சுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லையே" என்று மறுபடி பரோட்டாவைத் தொடங்குவார். உள்ளே குடல் மீண்டும் அரிபடும். பல வருஷம் கழித்து எலும்பு முறிந்தோ, ரத்தம் வற்றியோ வந்து நிற்பார். அரைகுறைப் பத்தியத்தின் ஆபத்து இதுதான்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் என்ன செய்வது? டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பொதுவாக, மறுபடி தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரமாவது கோதுமை சாப்பிட்ட பிறகு சோதிப்பது வழக்கம். வயிறு தாங்கவில்லை என்றால் அதற்கும் வேறு வழிகள் உண்டு. டாக்டரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

இருக்கிறது என்று வந்தால்

பயப்படாதீர்கள். மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், சமையலறையிலேயே அடக்கக்கூடிய நோய் இது. ஆனால் "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே செல்லாது. ஒரு துண்டு ரொட்டிகூடக் கூடாது. ஆயுள் முழுக்க.

சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவா உப்புமா, கேசரி, சேமியாப் பாயசம், பிஸ்கட், கேக், பிரெட் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். கண்ணுக்குத் தெரியாதவைதான் ஏமாற்றும். முதலில் பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்தது கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போட்டுத் தாளியுங்கள்.

இரண்டாவது, மால்ட் கலந்த சத்து பானங்கள். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. "உடம்பு இளைச்சிருக்கே" என்று அன்போடு ஆற்றிக் கொடுக்கிற டம்ளரே எதிரியாகிவிடும். பார்லித் தண்ணீரும் அப்படியே. சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

மூன்றாவது, தெருமுனை மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருப்பார். அந்த மிச்சம் அப்படியே உங்கள் கேழ்வரகோடு சேர்ந்து வரும். வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்வதே நிம்மதி.

நாலாவது, வீட்டுத் தோசைக்கல். சப்பாத்தி போட்ட கல்லில் உங்கள் தோசை வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள். வீட்டுக்காரருக்குச் சப்பாத்தி இடுகிற நாளில், உங்கள் சாப்பாட்டை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு அப்புறம் மாவைத் தொடுங்கள்.

பாக்கெட்டில் வருகிற பண்டங்களில் கோதுமை இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. "க்ளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. படித்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் பிள்ளைகளுக்கும் வரட்டும்.

ராயபுரம், எண்ணூர் பக்கத்துக் கிறிஸ்தவ சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. திருவிருந்து அப்பமும் கோதுமைதான். க்ளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் வழி செய்வார்.

"அப்போ எதைத்தான் சாப்பிடுவது?" என்கிறீர்களா? நம் பாட்டிகள் சாப்பிட்டதைத்தான். பழைய சோறும் சின்ன வெங்காயமும். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு. காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலியைக் குழம்பு வைத்துச் சுடுசோறு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ். பயறு, கீரை, முட்டை, மோர். வடநாட்டுச் சகோதரிக்கு இந்த நோய் வந்தால் அடுப்பையே மாற்ற வேண்டும். நமக்குப் பழைய அடுப்புக்குத் திரும்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பத்தியம் ஆரம்பித்துச் சில மாதங்களில் குடல் ஆறும்போது, தைராய்டு மாத்திரையும் நன்றாக உறிஞ்சப்படும். முன்பு போதாத அதே அளவு இப்போது அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் உடனே டாக்டரிடம் போய் டி.எஸ்.எச். பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இல்லை என்று வந்தால்

தைராய்டு உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்சிதான். உங்களுக்குச் சப்பாத்தி விஷமில்லை. அளவோடு சாப்பிடலாம்.

"கோதுமையை விட்டால் தைராய்டு குணமாகும் என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறதாமே?" என்று கேட்பீர்கள். போலந்து நாட்டில் 34 பெண்களை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு 2019-ல் வந்தது. கோதுமையை விட்டவர்களுக்குத் தைராய்டை அரிக்கும் எதிர்ப்பொருள் கொஞ்சம் குறைந்தது. ஆனால் டி.எஸ்.எச். மாறவில்லை. அதோடு அந்தப் பெண்கள் எல்லோருக்கும் டி.டி.ஜி. எதிர்ப்பொருள் முதலிலேயே ரத்தத்தில் இருந்தது. அதாவது, கோதுமையோடு சண்டை போடுகிற உடம்புகள் அவை. அதை வைத்து ஊருக்கெல்லாம் பத்தியம் எழுத முடியாது.

சோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்களும் உண்டு. அது பொய்யில்லை. கோதுமையில் இருக்கிற ஒரு வகை மாவுச் சத்தே சிலருக்கு வாயு பண்ணும். அவர்கள் குறைத்துக்கொள்ளலாம். பெருங்காயத்துக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

கோதுமைக்குப் பதிலாக மூன்று வேளையும் கம்புதான் என்று சிலர் தாவிவிடுகிறார்கள். கம்பு நல்ல தானியம். ஆனால் அதையே முழு உணவாக்கிக்கொண்டால், அதில் உள்ள சில பொருள்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கக்கூடும். மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். வாரத்தில் இரண்டு நாள் கம்பு, இரண்டு நாள் கேழ்வரகு, மற்ற நாள் அரிசி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். க்ளூட்டன் இல்லாத விலை உயர்ந்த பிஸ்கட்டும் வேண்டாம். அதில் சர்க்கரையும் மாவும் குறைவில்லாமல் இருக்கும், எடை இறங்காது.

மாத்திரையை மட்டும் விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் நிஜமான ஆபத்து கோதுமையை விடுவதில் இல்லை, மாத்திரையை விடுவதில்தான் இருக்கிறது. தைராய்டு மாத்திரையின் சத்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய முதல் பத்து நாளில் ஒன்றும் தெரியாது. "பார்த்தியா, கோதுமையை விட்டேன், மாத்திரை இல்லாமலே நல்லாயிருக்கேன்" என்று தோன்றும். மூன்றாவது மாதம் முகம் உப்பி, குரல் தடித்து, மாடிப்படி ஏற முடியாமல் நிற்கும்போதுதான் தெரியும். கர்ப்பமாக இருக்கிறவர் இப்படி நிறுத்தினால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே கேடு. சீலியாக் நோய் உறுதியாகி, முழுப் பத்தியம் இருப்பவர்களும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அரிபட்டுப் போன தைராய்டு பத்தியத்தால் முளைத்து வருவதில்லை.

திருவொற்றியூர் சகோதரிக்கு: உங்கள் கடிதத்தில் இரும்பு மாத்திரையும் ஒரு வருஷமாகச் சாப்பிடுவதாக, ஆனாலும் ரத்தம் ஏறவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு மாத்திரையையும் அதையும் எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. முதலில் அந்த இரண்டையும் நாலு மணி நேரம் பிரித்து வையுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து டி.டி.ஜி. பரிசோதனையைக் கேளுங்கள். அதுவரை வீட்டுக்காரருக்குச் சுடுகிற சப்பாத்தியில் வழக்கம்போல நீங்களும் சாப்பிடுங்கள். முடிவு எதுவானாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அடுத்த இதழில்: மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்புகளைக் காப்பது எப்படி?